காற்றுத் துவக்கு வாங்குமுன்

"எந்தக் காற்றுத் துவக்கு நல்லது?" என்ற கேள்வி இப்போது கிராமக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. விதைநெல், கிணறு, வேலிக்கம்பி பற்றிக் கேட்ட அதே விவசாயிகளே இதையும் கேட்கிறார்கள். இதில் வியப்படைய ஒன்றுமில்லை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்கள், 2007இல் முள்ளிக்குளத்தை இழந்தவர்கள், 2009 வரை வன்னியெங்கும் அலைந்தவர்கள் என எமது மக்கள் நிலத்தைப் பிரிந்திருந்த காலம் நீண்டது. ஆளில்லாத காணிகளைக் காடு எடுத்துக்கொண்டது. திரும்பி வந்தவர்களும், திரும்ப வழியின்றிக் காட்டோரத்தில் துண்டுக் காணியில் குடியிருப்பவர்களும் இன்று ஒரே தொல்லையை அனுபவிக்கிறார்கள். கச்சானைப் பன்றி கிளறுகிறது. குரும்பையைக் குரங்கு பறித்து எறிகிறது. விதைத்த பயறை மயில் பொறுக்குகிறது.

இது வடக்குக் கிழக்கின் தனித் துன்பமுமல்ல. ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை 2023இல் எழுந்து, அதே ஆண்டிலே கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி தொடக்கம் ஐந்து நிமிடங்கள், தோட்டங்களில் நிற்கும் குரங்கு, மயில், மர அணில் முதலியவற்றை எண்ணித் தரும்படி நாடு முழுவதும் கேட்கப்பட்டது. தொல்லை உண்டென்பதை அரசு அறியும். ஆனால் அதிலிருந்து தன் பயிரைக் காக்கும் வேலை இன்னும் விவசாயியின் தலையிலேயே இருக்கிறது.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சட்டம் இடந்தரும் அளவில், ஊருக்கு ஒன்றோ இரண்டோ காற்றுத் துவக்கு, கட்டுப்பாட்டுடன் இருக்கலாம். வீட்டுக்கு ஒன்றாக, அதுவும் கடன்பட்டு வாங்குவதை நாம் ஏற்கவில்லை. காரணங்களைக் கூறுகிறோம்.

முதலில், இந்தக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அறிந்துகொள்ள வேண்டும். சுருள்வில் வகைக் காற்றுத் துவக்கில் மருந்து இல்லை, தோட்டா இல்லை. தண்டை இழுக்கும்போது உள்ளேயுள்ள உந்தி பின்தள்ளப்பட்டு, பலமான சுருள்வில் இறுகுகிறது. விசையை அழுத்தியதும் உந்தி முன்னே பாய்ந்து காற்றை நெருக்க, அக்காற்று சிறிய ஈயக் குண்டைத் தள்ளுகிறது. இங்கிலாந்தில் உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய காற்று றைபிளின் உச்ச சக்தி ஏறத்தாழ 16 யூல். ஜேர்மனியில் அது 7.5 யூல். 16 யூல் என்பது ஒரு கிலோ எடையுள்ள கல் ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேலிருந்து விழும்போது தரும் சக்தி. அச்சக்தி பயறளவான ஈயத்தில் குவிந்து பாய்கிறது. எலியையும் அணிலையும் இருபது, இருபத்தைந்து மீற்றரில் கொல்ல அது போதும். காட்டுப் பன்றியைக் கொல்லப் போதாது. குரங்கையும் பெரும்பாலும் கொல்லாது, காயப்படுத்தும். காயப்பட்ட பிராணி பற்றைக்குள் போய் நாட்கணக்கில் வதைபட்டுச் சாகும். யானையை நோக்கி இதை நீட்டுவது தன்னுயிரை நீட்டுவதாகும். ஆனால் ஒரு பிள்ளையின் கண்ணைக் குருடாக்க இச்சக்தி தாராளமாகப் போதும் என்பதைத் தாய்மார் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி, எந்த வகை என்ற கேள்விக்கு வருவோம். மலிவாகக் கிடைப்பது குழலையே மடித்து இறுக்கும் வகை. அது பாரம் குறைந்தது, பழகுவதற்கு இலகு. குழல் ஒவ்வொரு முறையும் மடிவதால், மூட்டுத் தேய்ந்தால் குறி விலகும். மற்றையது குழலின் கீழேயுள்ள தண்டை இழுத்து இறுக்கும் வகை. இதில் குழல் அசையாது நிற்பதால் குறி நிலையாக இருக்கும். ஜேர்மனியின் வைராவ் நிறுவனத்தின் எச்.டபிள்யூ. 77, 97 என்பனவும், இங்கிலாந்தின் எயார் ஆம்ஸ் ரீ.எக்ஸ். 200, ஸ்பானியாவின் கமோ சீ.எவ்.எக்ஸ். என்பனவும் இவ்வகையில் பெயர் பெற்றவை.

இவற்றுள்ளும் வேறுபாடுகள் உண்டு. எச்.டபிள்யூ. 97, ரீ.எக்ஸ். 200 ஆகிய இரண்டிலும் குறிபார்க்கும் முள் இல்லை. தொலைநோக்கி பூட்டியே ஆகவேண்டும். சுருள்வில் துவக்கு வெடிக்கும்போது முன்னும் பின்னுமாக இருமுறை உதைக்கும். அந்த உதையில் மலிவான தொலைநோக்கி குலைந்துவிடும். ஆகவே துவக்கின் விலையோடு நல்ல தொலைநோக்கியின் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். எச்.டபிள்யூ. 77இலும் கமோவிலும் முள் உண்டு. வயலில் சேறும் மழையும் படும் கருவிக்கு முள்ளே போதும் என்பது எமது எண்ணம். பாரத்தையும் பாருங்கள். எச்.டபிள்யூ., ரீ.எக்ஸ். வகைகள் வெறுமனே நான்கு கிலோ அளவில் நிறுக்கும். காவற்கொட்டிலில் விடியும்வரை இருப்பவர் எமது ஊர்களில் பெரும்பாலும் முதியவர், அல்லது கணவனை இழந்த பெண். அவரால் தூக்கி நிலையாகப் பிடிக்க முடியாத துவக்கு எவ்வளவு நுட்பமானதாயினும் அவருக்கு உதவாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது விரல். எச்.டபிள்யூ. 77, 97, ரீ.எக்ஸ். 200 வகைகளில் தண்டை இழுக்கும்போது உள்ளறை பின்னகர்ந்து வாய் திறக்கும். அவ்வாய்க்குள் விரலால் குண்டை வைக்க வேண்டும். கொளுவி நழுவினால் உள்ளறை முன்னே பாய்ந்து விரலை நசுக்கிவிடும். ரீ.எக்ஸ். 200இல் இதைத் தடுக்கப் பற்கொளுவி அமைத்திருக்கிறார்கள். கமோவில் குண்டு வைக்கும் வாய் தனியாகச் சுழல்வதால் அந்த ஆபத்து குறைவு. எந்த வகையாயினும், குண்டு வைத்து முடியும்வரை மற்றக் கை தண்டை விடக்கூடாது. இத்தகைய தடுப்பு எதுவுமில்லாத, பெயர் தெரியாத மலிவுத் துவக்கை எவர் கொண்டுவந்து விற்றாலும் வாங்காதீர்கள்.

பராமரிப்பில் மூன்று விடயங்கள். குண்டின்றி வெறுமனே வெடிக்க வைத்தால் உந்தி மோதிப் பழுதாகும். உள்ளறைக்குள் தேங்காயெண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விட்டால் நெருக்கிய காற்றின் சூட்டில் அது பற்றி வெடித்துச் சுருள்வில்லைக் கெடுக்கும். குண்டு ஈயம், ஈயம் நஞ்சு. வாயில் வைத்திருக்கும் பழக்கம் வேண்டாம். தொட்டபின் கை கழுவவேண்டும்.

இவ்வளவும் கருவியைப் பற்றியது. எமது ஊர்களின் நிலை வேறு சிலவற்றையும் சொல்ல வைக்கிறது.

ஒன்று, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது உண்மையான துவக்கு. மாலை மங்கலில் நீண்ட றைபிளுடன் வரம்பில் நடக்கும் இளைஞனைக் காவலரணில் இருப்பவர் எப்படி நினைப்பார்? போரின் நினைவு ஆறாத ஊரில் இதை இலேசாக எடுக்க முடியாது. இந்நாட்டில் துவக்குகளைப் பற்றிய சட்டம் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். எந்தப் பிராணியைச் சுடலாம், சுடக்கூடாது என்பதற்கு 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் உண்டு. ஆகவே கமநல சேவை நிலையத்திலும் கச்சேரியிலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறாமல் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். கடைக்காரரின் வாய்வார்த்தை பொலிசில் செல்லாது.

இரண்டு, காயப்பட்ட பிராணியைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடுவது. இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றும் வேலை பெருமளவு நடந்திருக்கிறது. ஆயினும் முற்றாக முடியவில்லை. எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் ஒரு பன்றிக்காகக் கால் வைக்கக்கூடாது.

மூன்று, கடன். நுண்கடனில் அகப்பட்ட குடும்பங்களின் கண்ணீரை நாம் அறிவோம். ஒரு போகத்துக் கச்சானைக் காக்க வாங்கிய துவக்கின் தவணை, அந்தக் கச்சான் விற்ற பணத்தையே விழுங்கக்கூடும். கமக்காரர் அமைப்பு கூடிப் பேசி, அனுமதி எவர் பெயரில், பூட்டிவைப்பது எவர் வீட்டில், எடுத்துச் செல்பவர் எவர், பதிவுப் புத்தகம் எவரிடம் என்று தீர்மானித்த பின்னரே வாங்கவேண்டும்.

"அப்படியானால் நாங்கள் கைகட்டி நிற்பதா?" என்று கேட்பீர்கள். இல்லை. பன்றிவெடி, கட்டுத்துவக்கு, களவாக இழுத்த மின்கம்பி ஆகியவற்றால் மனிதரும் மாடும் யானையும் சாகின்றன. அவற்றைவிடக் காற்றுத் துவக்கு குறைந்த தீமை என்பதாலேயே நாம் அதை முற்றாக மறுக்கவில்லை. ஆயினும் அது கடைசி வழி. அயலவர் சேர்ந்து ஒரே வேளையில் ஒரே பயிரை விதைத்தால் காவலும் பங்காகும். பரண், தகரம், வேலி, நாய் என்பன தனி ஒருவர் செய்தால் தோற்கும். பத்துக் குடும்பம் முறைவைத்துச் செய்தால் பயன் தரும். குப்பையும் எஞ்சிய சோறும் திறந்த வெளியிற் கொட்டப்படும் இடத்தில் குரங்கு நிரந்தரமாகத் தங்கிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் மனிதன் அதில் வைக்கப்பட்டான் என்று தொடக்கநூல் சொல்கிறது. இவ்விரண்டு பணிகளையும் பிரிக்க முடியாது. தேவையின்றி விலங்குகளை வதைப்பது மனித மாண்புக்கு ஒவ்வாதது என 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வியும் போதிக்கிறது. அதே மறைக்கல்வி, மனிதர் தம் உணவுக்காக விலங்குகளைப் பயன்படுத்துவதைத் தவறென்று கூறவில்லை. பிள்ளைகளின் சோற்றைக் காப்பது பாவமல்ல. அதைக் காக்கும் முறையில் கொடுமை இருக்கலாகாது.

இறுதியாக ஒன்று. துவக்கைக் கையில் தந்துவிட்டுப் பொறுப்பை முடித்துக்கொள்ள எவரையும் விடக்கூடாது. பயிரழிவுக்கு நட்டஈடு, காட்டோரத்துக்குத் தரமான வேலி, விடுவிக்கப்படாத காணிகளின் விடுவிப்பு என்பன இன்னும் எமது கோரிக்கைகளே. மக்கள் இல்லாத காணியில்தான் பற்றை வளர்கிறது; பற்றையில்தான் பன்றி குட்டி போடுகிறது. அடுத்த கமக்காரர் கூட்டத்தில் துவக்கின் விலையைப் பேசுமுன், கடந்த போகத்தில் எந்த வயலில், எந்தப் பிராணியால், எத்தனை மூடை அழிந்தது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். அதன் பிரதியொன்றைக் கமநல சேவை நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.