நமுத்துப் போன பட்டாசு... காய வைக்காதீர்கள், ஊற வையுங்கள்!

ஐப்பசி மாதம் அடைமழை என்பார்கள். தீபாவளியும் பெரும்பாலும் அந்த ஐப்பசியில்தான் வருகிறது. ஆசையாக வாங்கி வந்த பட்டாசு நமுத்துப் போகாத வீடு உண்டா? சமவெளியிலேயே இந்தக் கதி என்றால், தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையைக் கேட்கவே வேண்டாம். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். காபியும் மிளகும் விளைகிற ஊர். மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது.

"காசு போட்டு வாங்கினதாச்சே, கொஞ்சம் சூடு காட்டினா சரியாயிடும்!" - இந்தச் சிக்கனம்தான் எனக்குக் கவலை. தோசைக்கல் சூட்டில் வைப்பது, அடுப்புக்கு மேலே பரணில் போடுவது, மொட்டை மாடி வெயிலில் பரப்புவது என்று ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். விதை தானியத்துக்குப் பரண் சரி. பட்டாசுக்கு?

பட்டாசுக்குள் இருப்பதையும் நாம் 'மருந்து' என்றுதான் சொல்கிறோம். வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியத் தூள் போன்றவற்றை அளவோடு கலந்தது அது. வெடியுப்பும் கந்தகமும் சித்த மருத்துவத்திலும் உண்டு. சுத்தி செய்யாமல் நாங்கள் சேர்ப்பதில்லை. ஈரம் பட்டால் உப்பு கரைந்து இடம் மாறும். காய்ந்த பிறகு ஓரிடத்தில் கூடுதலாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் படிந்திருக்கும். கம்பி மத்தாப்பில் உள்ள இரும்புத் தூள் துருப்பிடிக்கும். அலுமினியத் தூளும் வெடியுப்பும் ஈரத்தில் சேர்ந்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்வதும் உண்டு. ஆக, காய வைத்து எடுத்தது பழைய பட்டாசே அல்ல. எப்போது, எப்படி வெடிக்கும் என்று செய்தவருக்கே தெரியாது!

திரி விஷயமும் அப்படித்தான். நமுத்த திரி அணைந்ததுபோல் இருக்கும். உள்ளே கங்கு இருக்கும். "ஏன் வெடிக்கலே?" என்று பிள்ளை குனிந்து பார்க்கும் நேரத்தில் வெடிக்கும். கண்ணும் விரலும் போவது இப்படித்தான். மறுநாள் காலையில் வெடிக்காததைப் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துகிறார்களே பையன்கள், அது இன்னும் மோசம். ஒரே வீச்சில் நெருப்பு முகத்துக்கு ஏறிவிடும்.

அதனால், வெடிக்காததை அரைமணி நேரம் தொடாதீர்கள். பிறகு தூர நின்று தண்ணீர் ஊற்றி, வாளியில் இரவு முழுக்க ஊற விடுங்கள். அந்தத் தண்ணீர் கிணற்றிலோ மாட்டுத் தொட்டியிலோ கலக்கக் கூடாது. வீட்டில் நமுத்துப் போனதற்கும் இதே கதிதான். அடுத்த வருஷத்துக்கென்று எடுத்து வைக்க வேண்டாம். வேண்டிய அளவு மட்டும், பண்டிகையை ஒட்டி வாங்குங்கள். சமையலறைக்குத் தள்ளி, தரையில் படாமல், அட்டைப் பெட்டியில் வையுங்கள். சிவகாசியில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு அங்கே மழை குறைவு என்பதும் ஒரு காரணம். அந்த வறட்சியை நம் வீட்டில் உண்டாக்க முடியாது.

மீறிச் சுட்டுக்கொண்டால்? சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்... கற்றாழை வேண்டாம், மஞ்சள் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். இங்க்கும் பற்பசையும் கூடவே கூடாது. முதல் மருந்து தண்ணீர்தான். குழாயடியில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வைக்காதீர்கள். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணில் வெடித்துக் காயம் பட்டால் கசக்கவும் அழுத்தவும் கூடாது. நேரே கண் டாக்டரிடம்தான்.

வத்தல்மலையிலிருந்து தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு வர, பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்க வேண்டும். ராத்திரி நேரத்தில் அது எத்தனை நீளமான பயணம்! காலாவதியான மாத்திரையை வெயிலில் காய வைத்தா பிள்ளைக்குக் கொடுக்கிறோம்? தூக்கிப் போடுகிறோம் இல்லையா? இந்த 'மருந்து'க்கும் அதுதான் நியாயம். போனது சில நூறு ரூபாய் என்றால், போகட்டுமே!