ஓட்டை திறந்திருக்க விஷம் எதற்கு?

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் எலித் தொல்லை. தனியார் நிறுவனம் ஒன்றை அழைத்தார்கள். ஆட்கள் வந்து மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரவு ஏ.சி. போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய அந்தக் குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். போலீஸார் வழக்குப் பதிந்தார்கள். சில நாள் தொலைக்காட்சிகளில் பேசினார்கள். பிறகு வேறு செய்தி வந்துவிட்டது.

அந்த வீட்டார் செய்தது ஊரில் எல்லாரும் செய்வதுதான். கடையில் வாங்கித் தாங்களே வைக்காமல், தெரிந்தவர்கள் என்று நம்பி ஆளை அழைத்தது சொல்லப்போனால் கூடுதல் எச்சரிக்கை. அப்படியும் இது நடந்தது என்றால், தவறு ஒரு நிறுவனத்தோடு முடிந்துவிடவில்லை. எலி என்றால் மருந்து வை, பூச்சி என்றால் மருந்து அடி, கொசு என்றால் புகை போடு என்று வீடும் அரசும் சேர்ந்து பழகியிருக்கும் வழக்கத்தையே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் விஷம் கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும். இன்று அதுதான் முதல் வழி. பல வீடுகளில் ஒரே வழி.

எலி எப்படி உள்ளே வருகிறது? புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடு ஒன்றின் சமையலறையில் போய் நின்று பாருங்கள். கேஸ் ட்யூப் போக மேடைக்குக் கீழே போட்ட ஓட்டை, ட்யூபைவிட மூன்று மடங்கு அகலமாக இருக்கும். சிங்க்கிலிருந்து இறங்கும் பைப் சுவருக்குள் நுழையும் இடத்தில் பிளம்பர் உடைத்ததை யாரும் பூசியிருக்க மாட்டார்கள். ஒரு பழைய துணியைச் செருகி வைத்திருப்பார்கள். ஏ.சி.யின் செம்புக் குழாய்க்கு ஒன்று, தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி மாட்ட வந்தவர் டிரில் போட்டது ஒன்று, கேபிள்காரர் போட்டது ஒன்று. பின்கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும். ஒரு பென்சில் போகிற இடைவெளி சுண்டெலிக்குப் போதும். பெரிய எலிக்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும், அவ்வளவுதான். அகலம் போதாவிட்டாலும் அது கொறித்துப் பெரிதாக்கிக்கொள்ளும். அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். மரம், பிளாஸ்டிக், துணி எதுவும் அதற்குத் தடையில்லை. சிமென்ட் கலவையும், இரும்பு வலையும், கதவடியில் அடித்த தகரப் பட்டையும்தான் தடை. எல்லாம் சேர்ந்து ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை.

அந்த அரை நாள் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். சில்லறை வேலைக்குக் கொத்தனார் வருவதில்லை. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரைக் கேட்டால், "எல்லா வீட்டிலும்தான் எலி இருக்கு" என்று பதில் வரும். எலி மருந்தோ தெருமுனைக் கடையில் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எது எளிதோ அதைத்தான் மக்கள் செய்வார்கள். அதற்காக அவர்களைத் திட்டிப் பயனில்லை.

ஆனால் விஷம் வைத்தவர்களுக்கு எலி தீர்ந்ததா? புதிய பொருளைக் கண்டால் எலி உடனே வாய் வைக்காது. ஓரிரு நாள் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். தின்று செத்தால் எங்கே செத்தது என்பது நாற்றம் கிளம்பிய பிறகுதான் தெரியும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்றால் அதுவும் சிரமம். ஓட்டை அப்படியே திறந்திருக்கிறது, குப்பைக்கூடை அப்படியே மூடியில்லாமல் இருக்கிறது என்றால், செத்த எலியின் இடத்துக்குப் பக்கத்து மனையிலிருந்து இன்னொன்று வரும். எலியின் கர்ப்பகாலம் 3 வாரம்தான். இதற்கு நடுவே, எலி என்று நினைத்து நாம் கொல்லும் மூஞ்சூறு உண்மையில் எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வீட்டுக்கு உதவி செய்கிற பிராணி. விஷத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. விஷம் தின்ற எலியைப் பிடித்த பூனைக்கும் ஆந்தைக்கும் கூட ஆபத்துதான்.

விஷமில்லாமல் எலி பிடிக்கத் தெரியாத ஊரும் இல்லை இது. காவிரிப் படுகை வயல்களில் மூங்கிலை வளைத்துக் கட்டிய தஞ்சாவூர் கிட்டியை இன்றும் வைக்கிறார்கள். செங்கல்பட்டு பக்கத்து இருளர்கள் வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு அந்த அளவு திறமைகூட வேண்டாம். பழைய மரப்பொறியை, தரை நடுவே வைக்காமல், எலி ஓடுகிற சுவரோரத்தில் வைத்தால் போதும். எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். அந்தக் கறுத்த எண்ணெய்ப் பிசுக்குக் கோடு பல வீடுகளில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே இருக்கும்.

இனி சட்டத்துக்கு வருவோம். 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையால் பாதிக்கப்பட்டுக் கல்லீரல் செயலிழந்து வருவோரைப் பற்றித் தமிழ்நாட்டு மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. இடையில் ஓரிரு நாள் நோயாளி தேறியது போலத் தெரிவார். வீட்டார் நிம்மதியடைந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் கல்லீரல் கெடத் தொடங்கும். குழந்தை தவறுதலாகத் தொட்டுத் தின்பதும், பெரியவர்கள் ஒரு கோப வேளையில் அவசரப்படுவதும் இரண்டுமே இந்தப் பசையால் நடக்கின்றன. கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அந்த வேளை கடந்துபோகும், உயிர் பிழைக்கும் என்பதற்கு இலங்கையே சாட்சி. கடும் நச்சுப் பூச்சிக்கொல்லிகளை அந்த நாடு படிப்படியாகத் தடை செய்தது. 1995 வாக்கில் லட்சம் பேருக்கு 57 என்றிருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அதனால் விளைச்சல் குறைந்துவிடவும் இல்லை.

தமிழ்நாடு அரசும் சும்மா இருக்கவில்லை. எலிப் பசையைக் கடையில் வெளியே தெரியும்படி வைக்கக் கூடாது, தனியாக வந்து கேட்பவருக்கு விற்கக் கூடாது என்று 2022-ல் அறிவித்தது. பசையைத் தடை செய்யவும் முனைந்தது. அறிவிப்பு நல்ல அறிவிப்பு. எந்த மளிகைக் கடையில் அதை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மாநிலத்தின் கையும் நீளமில்லை. 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒரு மருந்தை மாநிலம் 60 நாள்தான் நிறுத்திவைக்கலாம். மிஞ்சினால் இன்னொரு 30 நாள். மானோகுரோட்டோபாஸ் உட்பட 6 பூச்சிக்கொல்லிகளைச் சில ஆண்டுகளுக்கு முன் மாநில அரசு தடை செய்தபோதும் அது 60 நாள் தடையாகத்தான் இருந்தது. மக்களின் உயிரைக் காக்கும் பொறுப்பு மாநிலத்துக்கு, விஷத்தை நிறுத்தும் அதிகாரம் தில்லிக்கு என்பது பொருந்தாத ஏற்பாடு. சட்டத்தின் இந்தப் பிரிவைத் திருத்தி, வீட்டு உபயோக விஷங்களைப் பொறுத்தவரையிலாவது நிரந்தரமாகத் தடை செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தர வேண்டும்.

மருந்தடிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று விதி இருக்கிறது. உரிமம் இருந்தால் போதாது. இன்ன மருந்து, இன்ன வடிவம், இன்ன அறையில், எத்தனை மணி நேரம் உள்ளே போகக் கூடாது, ஏ.சி. போடலாமா, வாந்தி மயக்கம் வந்தால் மருத்துவரிடம் எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் தமிழில் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவைக் கக்கும் பாஸ்பைடு வகை மருந்துகளை, ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் யாரும் எக்காரணத்துக்காகவும் கொண்டுபோகக் கூடாது. தானியக் கிடங்குக்கு உரிய மருந்து படுக்கையறைக்கு எதற்கு?

கொசு விஷயத்தில் இதே குற்றத்தை உள்ளாட்சிகள் செய்கின்றன. மழை தொடங்கியதும் சாயங்கால வேளையில் புகை வண்டி வருகிறது. பின்னாலேயே பிள்ளைகள் ஓடுகிறார்கள். கவுன்சிலர் படம் எடுத்துக்கொள்கிறார். டீசலில் கலந்த மருந்துப் புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்லும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது; திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது. தெருப் புகை அங்கே போவதில்லை. தண்ணீரில் இருக்கும் புழுவை அது தொடுவதுகூட இல்லை. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்து தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால்தான் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறார்கள். ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தோம்? மணிபிளான்ட் பாட்டில்? மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, டயர்?

வீட்டுக்கு இவ்வளவு சொல்கிற மாநகராட்சி, தெருவில் எழும்பும் கட்டடத்தில் என்ன செய்கிறது? லிஃப்ட் குழியிலும், கான்கிரீட்டை நனைக்கத் தேக்கிய நீரிலும் ஒரு தெருவுக்கே போதுமான கொசு வளர்கிறது. நோட்டீஸ் கொடுக்கவும், தானே சரிசெய்துவிட்டுச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் அதிகாரம் தருகிற பொதுச் சுகாதாரச் சட்டம் நம்மிடம் 1939-லிருந்தே இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலில் அப்படிச் சட்டம் போட்ட மாகாணம் சென்னை மாகாணம். அதை எடுத்துப் பயன்படுத்தினால் போதும். எத்தனை தெருவில் புகை போட்டோம் என்ற கணக்கை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வார்டிலும் எத்தனை இடத்தில் புழு கண்டோம், அதில் எத்தனை அரசுக் கட்டடம், யாருக்கு அபராதம் என்று வாரந்தோறும் வெளியிடட்டும். புழு தேடி வீடுவீடாக ஏறி இறங்கும் களப் பணியாளர்களுக்கு அன்றைக்குத்தான் உரிய மதிப்பு வரும். இன்றைக்கு ஒப்பந்தக் கூலியில் அவர்கள் அலைகிறார்கள்.

தோட்டத்தில் விஷம் தோற்ற கதையைக் கோவைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008-ல் அங்கே பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடாமல் வெள்ளை வெள்ளையாக அப்பியது. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்து அடித்தார்கள். பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு. மருந்து உள்ளே இறங்கவில்லை. அடித்த மருந்தில் செத்தது மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுதான். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் பெருக்கி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வயல்களில் விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. குளவி விட்ட இடத்தில் மருந்து அடிக்காதீர்கள் என்பதுதான் விவசாயிகளுக்குச் சொன்ன முக்கியமான அறிவுரை. அவர்கள் கேட்டார்கள். மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கும் நாமோ, செம்பருத்தியில் கொஞ்சம் மாவுப்பூச்சி கண்டதும் கரப்பானுக்கு வைத்திருக்கும் ஸ்பிரேயை எடுத்து அடிக்கிறோம். அந்தக் கிளையை வெட்டிப் போடுவதும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவதும், சோப்பு கலந்த வேப்பெண்ணெய்யை வெயில் தாழ்ந்தபின் தெளிப்பதும் வீட்டுத் தோட்டத்துக்குத் தாராளம்.

குடிசைப் பகுதியில், திறந்த சாக்கடை ஓரத்தில், தூங்கும் குழந்தையின் விரலை எலி கடிக்கிற வீட்டில் போய் "ஓட்டையை அடையுங்கள்" என்று உபதேசம் செய்ய முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே சுவரே தகரமும் தார்ப்பாயும்தான். ஆனால் அந்த எலி அந்த வீட்டில் வளரவில்லை. அள்ளாமல் கிடக்கிற குப்பையில் வளர்கிறது. தொட்டி தினமும் காலியானால் தெருவில் எலி குறையும். அதற்கு எந்த வீட்டிலும் யாரும் எதுவும் வைக்க வேண்டியதில்லை. எலிக்காய்ச்சல் வருவதும் எலி மூத்திரம் கலந்த வெள்ள நீரில் காலை வைத்து நடப்பவர்களுக்குத்தான், அதாவது பெரும்பாலும் இவர்களுக்குத்தான். இங்கே விஷம் மலிவாகக் கிடைப்பதை ஏழைகளுக்குச் செய்யும் சகாயம் என்று வாதிடுபவர்கள், குப்பை அள்ள வேண்டிய கடமையிலிருந்து உள்ளாட்சியைத் தப்ப விடுகிறார்கள்.

மாற்றத்தை அரசு தன் வீட்டிலேயே தொடங்கலாம். அரசு மருத்துவமனைகளும் மாணவர் விடுதிகளும் பூச்சி மருந்தடிக்க ஆண்டு ஒப்பந்தம் விடுகின்றன. பொதுவாக அந்த ஒப்பந்தங்களில் எண்ணப்படுவது எத்தனை முறை மருந்து அடித்தார்கள் என்பதுதான், அடித்தால்தான் பில். அதனால் ஒப்பந்தக்காரருக்குச் சுவரில் இருக்கும் ஓட்டை லாபம். அடுத்த டெண்டரிலிருந்து மாதம் ஒரு சோதனை, கண்ட ஓட்டைகளின் பட்டியல், அடைத்த தேதி, பொறியில் விழுந்த எலிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்கட்டும். மருந்து வைத்தால், ஏன் வேறு வழியில்லை என்று எழுத்தில் காரணம் கேட்கட்டும். பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவு அந்தப் பட்டியலை வாங்கி ஒரு வாரத்துக்குள் ஆள் அனுப்ப வேண்டும் என்பதையும் அதே உத்தரவில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் ஃபைலில் கிடக்கும், அந்த ஃபைலையும் எலி கொறிக்கும்.