ஒருமுறை வந்த அம்மை மறுமுறை வராததேன்?

மணல்வாரி அம்மை ஒருதரம் வந்து போனவனுக்குச் சாதாரணமாய் மறுதரம் வருவதில்லை என்பது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த விஷயம். ஏன் என்று கேட்டால், "ஆத்தாள் குளிர்ந்து போய்விட்டாள்" என்பார்கள். சரி, ஆத்தாளின் பேரையே கேட்டறியாத தேசத்தில் நடந்ததைப் பார்ப்போம்.

வட அட்லாண்டிக் கடலிலுள்ள பாரோ தீவுகளில் 1781-இல் இந்த அம்மை வந்து போயிற்று. பின் 65 வருஷம் தலைகாட்டவில்லை. 1846-இல் திரும்ப வந்தபோது, சுமார் 7,800 ஜனங்களில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்தார்கள். பானும் என்ற டென்மார்க் டாக்டர் விசாரித்ததில், 1781-இல் நோய்ப்பட்டுப் பிழைத்த கிழவர்களில் ஒருவருக்குக்கூட அது மறுபடி வரவில்லையென்று கண்டார். அங்கே வேப்பிலை ஏது? கூழ் ஊற்றியவர் யார்?

அவர்களைக் காத்தது உடம்பின் ஞாபகமேயாகும். நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் டி அணு என்பது ஒரு வகை. ஒவ்வொரு டி அணுவும் ஓர் அடையாளத்தையே கண்டுகொள்ளும். அதற்குரிய நோய்க்கிருமி வந்தால் அந்த அணு ஆயிரமாயிரமாய்ப் பெருகிச் சண்டை செய்யும். சண்டை முடிந்ததும் பெரும்பாலானவை மடிய, சில மட்டும் ஞாபக அணுக்களாய் வருஷக்கணக்கில் காவலிருக்கும். எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும் வேறு அணுக்களும் இவற்றோடு சேர்ந்து காக்கின்றன. நோயின் கஷ்டமில்லாமல் இந்த ஞாபகத்தை மட்டும் கொடுப்பதே தடுப்பூசி. அப்படித்தான் வைசூரி உலகைவிட்டே ஒழிந்ததென்று 1980-இல் அறிவிக்கப்பட்டது.

நிற்க, இத்தனை பலமுள்ள பட்டாளம் நம்மையே ஏன் சுடுவதில்லை? மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. அதன் வேலையை 1961-இல் வெளிப்படுத்தியவர் ஜாக் மில்லர். டி அணுக்களுக்கு அங்கேதான் பரீட்சை. உபயோகமற்றவையும், சொந்த உடம்பையே பகைப்பவையும் அங்கேயே சாகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தேறுவதில்லை. தப்பித் தவறி வெளியே வரும் முரடர்களை அடக்குவதற்கென்றே வேறொரு வகை டி அணுக்கள் உண்டென்று சகாகுச்சி 1995-இல் காட்டினார். பிரன்கோ, ராம்ஸ்டெல் என்பவர்கள் இவற்றுக்கு ஆதாரமான மரபணுவை 2001-இல் கண்டார்கள். 2025-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

"இவ்வளவு நுட்பமும் பகவான் படைப்பல்லவா?" என்று ஆஸ்திகர் கேட்கலாம். நூறு பானை வனைந்து தொண்ணூறை உடைக்கும் குயவனை யாராவது சர்வ வல்லமையுள்ளவன் என்பார்களா? அப்படி உடைத்த பிறகும் பிசகு நேருகிறதே! சில குழந்தைகளின் டி அணுக்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களைப் பகையென்று எண்ணி அழித்துவிடுகின்றன. நீரிழிவு வருகின்றது. ஐந்து வயதுப் பிள்ளை செய்த பாவமென்ன? "முன்வினை" என்று வாய் கூசாமல் சொல்கிறார்கள். 1922-இல் இன்சுலின் மருந்து வருமுன் இக்குழந்தைகள் செத்தார்கள். இன்று ஊசி போட்டுக்கொண்டு படித்து, உத்தியோகம் பார்த்து வாழ்கிறார்கள். முன்வினையானால் ஊசிக்கு அடங்குமா?

ஆகவே, தோழர்களே! பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத் தவறாதீர்கள். நீரிழிவுள்ள பிள்ளைக்கு விபூதியை நம்பி ஒருநாளும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். நம் உடம்பு தன் சொந்த அணுவைக்கூடப் பரீட்சிக்காமல் வெளியே விடுவதில்லை. நம் புத்தி மட்டும் யார் சொன்னதையும் பரீட்சிக்காமல் உள்ளே விடலாமா?