தலைவலி தலையில் இல்லை

வீட்டில் ஒரு பெண்மணி தலை வலிக்கிறது என்றால் அதற்குக் கிடைக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியாததல்ல. "கொஞ்சம் தைலம் தடவிக்கொண்டு படு" என்பார் ஒருவர். "ராத்திரி கண் விழித்துக் கதை படித்தால் வலிக்காதா?" என்பார் மற்றொருவர். கூடவே மார் படபடக்கிறது, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது என்றும் சொல்லிவிட்டாளோ, போச்சு! நாற்பதைத் தாண்டியவளானால் வயசுக் கோளாறு. தாண்டாதவளானால் நரம்புத் தளர்ச்சி. பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருந்துவிடும். அது சரியாக இல்லாத அபூர்வமான சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல் ஒவ்வொரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரினல் என்று பெயர். எடை நாலைந்து கிராம்; காப்பிக்குப் போடுகிற ஒரு சின்ன ஸ்பூன் சர்க்கரை அவ்வளவு இருக்கும். தெருவில் மாடு முட்ட வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, உள்ளங்கை வியர்க்கிறதே, அந்த வேலையெல்லாம் இதன் உட்பகுதி ரத்தத்தில் கொட்டுகிற அட்ரினலினுடையது. வெளிப்பகுதிக்கு வேறு பொறுப்புகள். உடம்பில் உப்பு எவ்வளவு நிற்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

அபூர்வமாக, உட்பகுதியில் ஒரு கட்டி வளர்கிறது. ஃபியோக்ரோமோஸைட்டோமா என்பது அதன் முழுப் பெயர். வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை. டாக்டர்களே 'ஃபியோ' என்று சுருக்கிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டி இருந்தால் மாடு வரவே வேண்டாம். அடுப்படியில் சும்மா நிற்கும்போதே அட்ரினலினும் அதன் உறவுச் சரக்குகளும் ரத்தத்தில் பாய்ந்துவிடும். மண்டையைப் பிளக்கும் வலி, படபடப்பு, வியர்வை, முகம் வெளுத்துப் போதல், ரத்தக் கொதிப்பு எகிறுதல், எல்லாம் சில நிமிஷங்கள் ஆட்டிவைத்துவிட்டு அடங்கிவிடும். டாக்டரிடம் போய்ச் சேருவதற்குள் கொதிப்பு இறங்கியிருந்தாலும் இருக்கும். "ஒன்றுமில்லை அம்மா, கவலைப்படாமல் இருங்கள்" என்று அவர் அனுப்பிவிட்டால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

1926-ம் வருஷம் அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில், முப்பது வயதுக் கன்னிகாஸ்திரீ ஒருவர் இப்படிப்பட்ட தாக்குதல்களால் அவதிப்பட்டுச் சிகிச்சைக்கு வந்தார். சர்ஜன் சார்லஸ் மேயோ வயிற்றைத் திறந்து பார்த்து, அங்கிருந்த கட்டியை எடுத்தார். நரம்பில் உண்டான கட்டி என்றே கருதி மறு வருஷம் எழுதியும் வைத்தார். இன்னதென்று தெரியாமலே எடுத்த கட்டி. அந்த அம்மாளும் பிழைத்துக்கொண்டார்! அதே வருஷம் சில மாதங்கள் முன்னதாகவே ஸ்விட்ஜர்லாந்தில் லோஸான் நகரத்து ஸெஸார் ரூ என்ற சர்ஜனும் இத்தகைய கட்டி ஒன்றை எடுத்திருந்தார்.

அவர்களுக்குப் பின் வந்த நோயாளிகள் எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சர்ஜனின் கை பட்டதும் கட்டி தன் சரக்கையெல்லாம் ரத்தத்தில் பிழிந்துவிடும்; கொதிப்பு வானத்துக்கு ஏறும். கட்டி வெளியே வந்த மறுகணம் அதே கொதிப்பு பாதாளத்துக்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் மேஜையிலேயே உயிர் போனவர்கள் உண்டு.

ஆகவே, இந்த ஆபரேஷனில் கத்திக்கு முந்திய இரண்டு வாரம் மிகவும் முக்கியம். ஆல்பா பிளாக்கர் என்ற வகை மாத்திரைகளைக் கொடுத்து, சுருங்கிக் கிடக்கும் ரத்தக் குழாய்களை மெல்ல மெல்ல விரியவைக்கிறார்கள். குழாய் விரிந்தால் அதை நிரப்ப வேண்டாமா? அதற்காக நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். உப்பையும் தாராளமாகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆமாம், ரத்தக் கொதிப்புக்காரருக்கு உப்பு! மாமியார் கேட்டால் சண்டைக்கு வருவார். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் டாக்டர் பேச்சைத்தான் கேட்கவேண்டும். (இருதயமோ சிறுநீரகமோ கெட்டிருந்தால் கணக்கு வேறு.) சாதாரணப் படபடப்புக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை இதற்கு முன்னால் கொடுத்துவிட்டால் கொதிப்பு இன்னும் ஏறிவிடக்கூடும். எனவே அது பிற்பாடுதான். "கட்டி என்று தெரிந்த பிறகும் ஏன் இழுத்தடிக்கிறார்கள்?" என்று வீட்டு ஆண்கள் பொறுமையிழப்பார்கள். அந்த இரண்டு வாரம் வீண் அல்ல என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் இப்போது முன்போல் பயங்கரமானதல்ல. 1992-ல் கனடாவில் மிஷெல் காக்னே என்பவர் சின்னத் துவாரங்கள் வழியே குழாய்க் காமிராவை விட்டு அட்ரினலை எடுக்கும் முறையை வெளியிட்டார். இன்று பெரும்பாலான கட்டிகளுக்கு அதுவே வழக்கம். மிகப் பெரிதாகவோ சந்தேகத்துக்கு இடமாகவோ இருந்தால் திறந்துதான் ஆகவேண்டும். ஒரு பக்கத்துச் சுரப்பி போனாலும் மற்றது ஆரோக்கியமாக இருந்தால் அதுவே போதும். இரண்டும் போனால் ஆயுள் முழுவதும் மாத்திரை.

வெளிப்பகுதியிலும் கட்டி வரும். 1954-ல் ஆன் ஆர்பர் நகரில் ஜெரோம் கான் என்ற டாக்டரிடம் முப்பத்து நாலு வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். ரத்தக் கொதிப்பு, கை காலில் குரக்குவலி, தசைகளில் பலவீனம். ரத்தத்தில் பொட்டாஸியம் குறைவு. உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் மிதமிஞ்சிச் சுரக்கிறது என்று கான் அனுமானித்தார். திறந்து பார்த்தால் வலது அட்ரினலில் நாலு சென்டிமீட்டர்க் கட்டி! எடுத்ததும் குணம் கண்டது. இளவயதிலேயே கொதிப்பு வந்து, மூன்று வகை மாத்திரைக்கும் மசியாமல், பொட்டாஸியமும் குறைந்திருந்தால் இதைப் பற்றி டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

எல்லாக் கட்டியையும் எடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வேறு எதற்கோ வயிற்றை ஸ்கான் செய்யும்போது அட்ரினலில் கட்டி தென்படுவது அப்படியொன்றும் அபூர்வமல்ல; அவற்றில் அநேகம் சாதுவானவை. மையலோலிப்போமா என்று ஒன்று, வெறும் கொழுப்பும் எலும்பு மஜ்ஜையும் கலந்த உருண்டை. வலிக்காமல், வளராமல், ரத்தம் கசியாமல் சின்னதாக இருந்தால் அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம். ஆனால் கட்டி எந்தவிதமானதாயினும், ஊசி குத்திச் சதை எடுக்குமுன், அது ஃபியோ அல்ல என்று நிச்சயப்படுத்திக்கொள்ளவேண்டும். அதற்கு ரத்தத்தில் ஒரு பரிசோதனை, அல்லது இருபத்து நாலு மணி நேர மூத்திரத்தைச் சேர்த்து வைத்து ஒரு பரிசோதனை. மெட்டாநெஃப்ரின் என்று கேட்டால் தெரியும்.

ஃபியோ எடுத்தபின் கடுதாசியைக் கிழித்துப் போட்டுவிடவும் கூடாது. சிலருக்குப் பல வருஷம் கழித்து வேறிடத்தில் தலை காட்டுகிறது; ஆகையால் வருஷாவருஷம் பரிசோதனை உண்டு. குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இந்த நோயால் இறந்தாள். இரண்டு அட்ரினலிலும் கட்டிகள் இருந்ததை 1886-ல் ஃபெலிக்ஸ் ஃப்ராங்கெல் எழுதி வைத்தார். 121 வருஷம் கழித்து, 2007-ல், அதே குடும்பத்தில் இன்று உயிரோடிருப்பவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தபோது, சிலருக்கு இந்தக் கட்டியை வரவழைக்கும் பரம்பரைக் கோளாறு இருப்பது தெரிந்தது. ஆகவேதான் இப்போது ஃபியோ வந்த ஒவ்வொருவருக்கும் மரபணுச் சோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அதில் கோளாறு தெரிந்தால், அவருடைய பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் அழைத்துப் பார்க்கிறார்கள்.