தந்திக் கம்பத்துப் பாட்டு

"கன்ட்ரி ஸங்கீதம் கேட்கிறீர்களா, மாமா?" என்று நம் தமக்கையின் குமாரன் சென்ற ஞாயிற்றுக்கிழமை கேட்டான். கூடத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்த நம் மாமனார் கண்ணைத் திறந்து, "தேசபக்திப் பாட்டா? பேஷாய்ப் போடு!" என்றார்.

சமையலறையிலிருந்து வேறோர் அபிப்பிராயம் வெளிவந்தது. "கன்ட்ரி என்றால் பட்டிக்காடு அல்லவா? பட்டிக்காட்டுப் பாட்டுக் கேட்பதற்கு அமெரிக்கா வரையில் போவானேன்? பொன்னேரிக்கு அந்தண்டை போனால் போதாதோ?" என்றாள் நம் இல்லத்தரசி.

பையன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்க்கிறான். இரவு முறை முடிந்து மின்சார ரயிலில் வரும்போது தூக்கம் வராமலிருப்பதற்காக உலகத்து ஸங்கீதத்தையெல்லாம் காதில் வாங்கிக்கொள்கிறவன். அவன் அன்று கொண்டுவந்தது, கிளென் காம்ப்பெல் என்னும் அமெரிக்கப் பாடகரின் பிரஸித்தமான பாட்டுக்களின் திரட்டு.

இரண்டு அபிப்பிராயங்களில் சமையலறை அபிப்பிராயமே உண்மைக்குச் சமீபமானது. 'கன்ட்ரி' என்று அமெரிக்கர் சொல்லும் ஸங்கீதம் அந்நாட்டின் தென்பகுதிக் கிராமங்களிலே பிறந்தது. பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து குடியேறினவர்கள் கொண்டுவந்த பிடிலும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டு வரப்பட்டவர்கள் வழியே வந்த பாஞ்ஜோ வாத்தியமும், ஸ்பெயின் தேசத்துக் கிதாரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பழகியதன் பலன் அது. நம் தெம்மாங்குக்கு அயல் தேசத்துச் சகோதரி என்று சொல்லலாம்.

சுதேசி வீட்டிலே இதற்கு இடமுண்டா என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள், எண்ணூருக்கு அப்பால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் நிற்கும் மணலியை அறிவார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் அந்த மணலியிலிருந்த பிரபுக்களின் ஆதரவில் முத்துஸ்வாமி தீக்ஷிதருடைய குடும்பம் வாழ்ந்தது. அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றுக்கொண்டார். தீக்ஷிதரோ, மேனாட்டு பாண்டு மெட்டுக்களுக்கு ஸம்ஸ்கிருதத்தில் ஸாஹித்யம் இயற்றினார். இன்று பிடில் இல்லாமல் கச்சேரி உண்டா? நம் முன்னோர்கள் காதுக்குச் சுங்கச்சாவடி வைத்துக்கொள்ளவில்லை.

கிளென் காம்ப்பெல் 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி, ஆர்க்கன்ஸா மாகாணத்தில் 'டிலைட்' என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். 'டிலைட்' என்றால் ஆனந்தம். ஊரின் பெயரில் இருந்த ஆனந்தம் வீட்டில் அதிகமாக இருந்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு குழந்தைகள், தகப்பனார் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட குடியானவர். பையனுக்கு நாலு வயதானபோது, அவர் தபாலில் சாமான் அனுப்பும் வியாபாரியிடமிருந்து ஐந்து டாலருக்கு ஒரு கிதார் தருவித்துக் கொடுத்தார். சிறிய தகப்பனார் ஒருவர் விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. நம் போன்ற உபாத்தியாயர்கள் இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமலிருப்பது நல்லது.

1960-இல் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குப் போய், இசைத்தட்டுக்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் கூலி வித்வான்களின் கோஷ்டியில் சேர்ந்தார். எல்விஸ் பிரெஸ்லி, பிராங்க் ஸினாட்ரா முதலிய பெரும் பெயர்களுக்குப் பின்னால் கேட்ட கிதார் பல சமயம் இவருடையது. ஆனால் இவருக்கு ஸ்வரக் குறிப்பைப் படிக்கத் தெரியாது! மற்றவர்கள் காகிதத்தைப் பார்த்து வாசித்ததை இவர் ஒரு முறை காதால் கேட்டு வாசித்துவிடுவார். கேள்வி ஞானம் என்று நாம் சொல்லுவதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

1967-இல் 'ஜென்டில் ஆன் மை மைண்ட்' என்ற பாட்டின் மூலம் அவருடைய சொந்தக் குரல் பிரஸித்தியடைந்தது. மறு வருஷம் கிராமி பரிசுகளில் நான்கு, நாட்டுப்புறப் பிரிவிலும் நகரத்து ஜனரஞ்சகப் பிரிவிலுமாக, இவர் பாட்டுக்களுக்குக் கிடைத்தன. 1969-இல் தொலைக்காட்சியில் தமக்கென்று ஒரு நிகழ்ச்சி. அதே ஆண்டில் ஜான் வெய்னுடன் ஒரு திரைப்படம். பன்னிரண்டு தந்திக் கிதார், பாஞ்ஜோ, மாண்டலின் எல்லாம் வாசிப்பார். போதாதென்று ஸ்காட்லாந்துக்காரரின் பைக்கொட்டிய குழலையும் மேடையிலே ஊதுவார். கிதாரைத் தலைக்குப் பின்னால் தூக்கி வைத்துக்கொண்டு அதிவேகமாக வாசிப்பதும் உண்டு. நமக்குத் தெரிந்த ஸங்கீத ரஸிகர் ஒருவர் இதைப் பார்த்திருந்தால், "கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினேனா, ஸர்க்கஸுக்கு வாங்கினேனா?" என்று கேட்டிருப்பார்.

நாமும் அப்படிக் கேட்கவிருந்தோம். நம்மைத் தடுத்தது ஒரு பாட்டு.

அதற்கு முன்னால், திரட்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. இவருடைய சிறந்த பாட்டுக்கள் என்று முதல் திரட்டு 1971-இல் வெளிவந்தது. ஆனால் இவருடைய மிகப் பெரிய வெற்றியான 'ரைன்ஸ்டோன் கௌபாய்' 1975-இலும், 'ஸதர்ன் நைட்ஸ்' 1977-இலும் வந்தவை. ஆகையால் பழைய திரட்டை வாங்கினால் பாதி மனிதர்தான் கிடைப்பார். பிற்காலத்துத் திரட்டு ஒன்றைத் தேடிக்கொள்வதே உசிதம். 'ரைன்ஸ்டோன் கௌபாய்' கொஞ்சம் ஜிகினா தூக்கலான பாட்டு; ஜிகினாவைப் பற்றிய பாட்டு ஆனபடியால் மன்னித்துவிடலாம். சில பாட்டுக்களில் வயலின் பாகு ஒரு கரண்டி அதிகமாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம்மைத் தடுத்த பாட்டு, 1968-இல் வெளிவந்த 'விச்சிட்டா லைன்மேன்'. விச்சிட்டா என்பது கான்ஸாஸ் மாகாணத்தில் ஓர் ஊர். லைன்மேன் யார் என்று தமிழ் நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்து கரண்டு போனால் நாமெல்லாரும் பக்தியோடு நினைக்கும் பெயர் அது.

ஜிம்மி வெப் என்ற வாலிபர், ஓக்லஹாமாவின் சமவெளியிலே மோட்டாரில் போய்க்கொண்டிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் மனித வாடையே இல்லை. தந்திக் கம்பங்கள் மட்டும் வரிசையாய்ப் போயின. ஒரு கம்பத்தின் உச்சியிலே ஒற்றை மனிதன் வேலை செய்துகொண்டிருந்தான். அந்தக் காட்சி அவர் மனத்தில் தங்கிவிட்டது. காம்ப்பெல், ஊர்ப் பெயர் வரும் பாட்டு ஒன்று வேண்டுமென்று கேட்டபோது, கம்பத்து மனிதனைப் பற்றி எழுதத் தொடங்கினார். பாட்டு முடியவில்லை. இன்னும் ஒரு சரணம் பாக்கியிருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்பினார்.

காம்ப்பெல் காத்திருக்கவில்லை. சரணம் இல்லாத இடத்தில் கிதாரை வாசித்து நிரப்பிப் பதிவு செய்துவிட்டார். காரல் கே என்ற பெண்மணி அக்கூட்டத்தில் பிரபல வித்வாம்ஸினி. அவளிடமிருந்து தாழ்ந்த ஸ்தாயியில் பேசும் ஆறு தந்தி வாத்தியம் ஒன்றை வாங்கிக்கொண்டார். அந்த இடத்தில் என்ன வாசித்தார் என்பதுதான் விசேஷம். தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மின்னல் வேகத்தில் வாசிக்கத் தெரிந்த மனிதர், இங்கே ஒரு துரித காலமும் போடவில்லை. ஒரு சாமர்த்தியமும் காட்டவில்லை. பாட்டின் மெட்டையே, ஏறக்குறைய அப்படியே, அதிர்கின்ற அடிக்குரலில், ஒவ்வொரு ஸ்வரமாக வைத்துக்கொண்டு போகிறார். வார்த்தை தீர்ந்துபோனவன் தொண்டையைக் கனைத்துக்கொள்வதுபோல் இருக்கிறது. எழுதப்படாத சரணம் இனி எழுதப்படவே வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது.

பல வாத்தியம் தெரிந்தவரைப் பல்கலை வித்வான் என்கிறோம். எதை வாசிக்காமல் விடுவது என்று தெரிந்தவருக்கு என்ன பட்டம் கொடுப்பது? வீணை தனம்மாள் மெதுவாக மீட்டிக்கொண்டே உடன் பாடியதைக் கேட்ட பெரியவர்கள், விரல் எது, குரல் எது என்று பிரிக்க முடியாது என்று சொல்வார்கள். வேறு ஸங்கீதம், வேறு உலகம். ஆனாலும் இந்த ஒரு பாட்டில் காம்ப்பெலின் விரலும் குரலும் அப்படி ஒன்றுக்கொன்று இடம் விடுகின்றன.

பாட்டின் விஷயமும் நம்மைப் பிடித்துக்கொண்டது. கம்பி இரைவதிலே தன் மனத்துக்குகந்தவளின் குரலைக் கேட்கும் ஒரு தொழிலாளி. லீவு வேண்டும் என்றும் தோன்றுகிறது, கம்பி அறுந்துவிடுமே என்றும் கவலையாயிருக்கிறது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்த பிறகு, நம் ஜில்லாவில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தியவர்கள் எத்தனை இரவு வீடு திரும்பாமலிருந்தார்கள்! விளக்கு எரிந்தவுடன் நாம் கை தட்டினோம். மறு நிமிஷம் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டோம். அவர்களுக்காக ஒரு பாட்டு நம்மிடம் இருக்கிறதா? ஏற்றம் இறைப்பவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் பாட்டு வைத்திருந்த தேசம் இது. உலைக்களத்தில் நிற்பவனுக்கும் கம்பத்தில் ஏறுகிறவனுக்கும் பாட்டுப் பாட வாலிபக் கவிகள் முன்வர வேண்டும்.

இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கையில் பையன் காம்ப்பெலின் கடைசிக் காலத்தைச் சொன்னான். இளமையில் குடியாலும் போதையாலும் கெட்டுப் பிறகு திருந்திய மனிதருக்கு, முதுமையில் அல்ஸைமர் என்னும் மறதி நோய் வந்தது. 2011-இல் அதைப் பகிரங்கமாகச் சொன்னார். சொல்லிவிட்டு மூலையில் உட்காரவில்லை; விடைபெறும் யாத்திரை என்று புறப்பட்டு, 2012 முடிவதற்குள் 150-க்கு மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். மக்கள் மூவர் பக்கவாத்தியம். வார்த்தைகளை எதிரே திரையில் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் கிதார் முறை வந்தால் விரல்கள் தாமாகவே போகும். பெயர்களை மறந்த பிறகும் அந்த விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. 2017 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, 81-ஆம் வயதில், அவர் காலமானார்.

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. காரணத்தை நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். "தேசபக்திப் பாட்டா?" என்ற கேள்வியை நம் மாமனார் அன்று காலையில் நாலு முறை கேட்டுவிட்டார். நம்மைச் சில மாதங்களாகத் தம்பி பெயர் சொல்லித்தான் அழைக்கிறார். ஒரு காலத்தில் அவர் தந்தி ஆபீஸில் 'கட்டுக் கட, கட்டுக் கட' என்று மோர்ஸ் அடித்து ஊராரின் பிறப்பையும் இறப்பையும் அனுப்பியவர். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவை நிறுத்தப்பட்ட அன்று, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை.

"இன்னொரு தரம் அந்த லைன்மேன் பாட்டைப் போடு" என்றோம்.

அந்தப் பாட்டின் முடிவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குரல் ஓய்ந்த பிறகு, உச்ச ஸ்தாயியில் ஒரே ஸ்வரம், விட்டு விட்டு, தந்தி அடிப்பதுபோல ஒலித்துக்கொண்டே மங்கிப் போகும். அது ஒலித்தபோது பையன் மெதுவாக நம் முழங்கையைத் தொட்டான். "தாத்தாவைப் பாருங்கள், மாமா!"

மாமனாருடைய வலது கை விரல், நாற்காலிச் சட்டத்தின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. தாளம் அல்ல. நீளமும் குட்டையுமாய், இடையிடையே நிறுத்தி, ஒழுங்காகத் தட்டியது. பாட்டு முடிந்தது, விரல் நிற்கவில்லை.

நமக்கு அந்தப் பாஷை தெரியாது. தந்தி மாஸ்டரின் பெண்ணுக்குக் கொஞ்சம் தெரியும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று கவனித்தாள்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டோம்.

"ஒன்றும் சொல்லவில்லை. எதிர் ஸ்டேஷனைக் கூப்பிடுகிறார். பதில் வரவில்லை, அதனால் மறுபடியும் கூப்பிடுகிறார்."

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சிறு வயதில் கற்ற பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல் ஒரு கணம் யோசித்துவிட்டு, அதே சட்டத்தின் மேல் தன் விரலால் சுருக்கமாக ஏதோ தட்டினாள். கிழவரின் விரல் நின்றது. முகம் தெளிந்தது. கடமை முடித்த மனிதரைப் போல் பின்னால் சாய்ந்துகொண்டார்.

பிறகு நம்மைப் பார்த்து, தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்து, "தேசபக்திப் பாட்டு நன்றாயிருந்ததடா. இன்னொரு தரம் போடச் சொல்" என்றார்.

போட்டோம்.