பழம் அடுக்கிய கணக்கு



உலு திராம் கடைத்தெருவில் பழக்கடைக்காரர் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கீழ்வரிசைப் பழங்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மேல்வரிசைப் பழம் உட்காரும். இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று ஜெர்மானிய அறிஞர் கெப்ளர் 1611-இல் எழுதி வைத்தார். இந்த அடுக்கில் நூறு பங்கு இடத்தில் சுமார் 74 பங்கைப் பழம் நிரப்பும். மீதி வெறும் சந்து.

கடைக்காரரின் கைப்பழக்கத்தை மெய்ப்பிக்கக் கணித மேதைகளுக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் பிடித்தன! காரணம், அடுக்கும் விதங்களுக்கு முடிவே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து மாளாது. அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் ஹேல்ஸ் அவற்றை எண்ணி முடிக்கக்கூடிய வகைகளாகச் சுருக்கி, 1998-இல் கணினியின் துணையோடு நிரூபணத்தை முடித்தார். ஆனால் அதைச் சரிபார்த்த குழுவினர் பல ஆண்டுகள் உழைத்தும், அது சரி என்பதில் 99 விழுக்காடு உறுதி என்றுதான் சொல்ல முடிந்தது.

ஹேல்ஸுக்கு அது போதவில்லை. விடை சரி, வழி எங்கே என்று பிள்ளைகளை நாங்கள் கேட்பதில்லையா? அதுபோல, ஒவ்வொரு படியையும் கணினியே சோதித்துச் சொல்லும்படி எழுத 2003-இல் முனைந்தார். வியட்நாம் நாட்டவர் உட்படப் பலர் கைகொடுத்தனர். அதில் ஒரு பகுதி, ஆயிரத்தை நெருங்கும் கடினமான கணக்குகள். ஒரே கணினி மூளை செய்தால் சுமார் 5,000 மணி நேரம். இரவு பகலாக ஏறக்குறைய ஏழு மாதம்! அதை 32 மூளைகளுக்குப் பங்கிட்டார்கள். ஒரு வார வேலையாகக் குறைந்தது. 2014 ஆகஸ்டில் முழு நிரூபணமும் நிறைவேறியது.

இந்த வித்தை நமக்குப் புதிதா? பிரட்டுக் களத்தில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்த பால்மரக் காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஒருவர் மரம் சீவி முடிக்கட்டும் என்று மற்றவர் காத்திருக்கவில்லை. ஆகவே காடு முழுவதும் ஒரே காலையில் வேலை முடிந்தது. ஆனால் ஒரே மரத்தைப் பத்துப் பேர் சுற்றி நின்றால், பால் சீக்கிரம் வடிந்துவிடுமா? கணினியும் அப்படித்தான். ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டாத வேலையைத்தான் தாராளமாகப் பங்கிடலாம். எதைப் பங்கிடலாம் என்று கண்டுபிடித்தது மனித மூளை.

இயந்திரம் இருக்கும்போது கணக்கு எதற்கு என்று உங்கள் பிள்ளை கேட்டால், ஒரு பெட்டியும் கொஞ்சம் கோலிக்குண்டுகளும் கொடுங்கள். பல விதமாக அடுக்கி, எதில் அதிகம் கொள்கிறது என்று எண்ணட்டும். சிறிய பெட்டியில் ஓரங்கள் விளையாட்டுக் காட்டும். கடைக்காரரின் அடுக்கே தோற்றாலும் தோற்கும்! அப்போது, 'ஏன்?' என்று மட்டும் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.