நீல மாளிகையின் சுவர்

பினாங்குக்குப் போனால் ஜார்ஜ்டவுன் லீத் ஸ்திரீட்டில் உள்ள நீல மாளிகைமுன் நின்று படம் எடுக்காமல் வருபவர்கள் குறைவு. சீன வணிகர் சியோங் ஃபாட் ட்ஸே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வீடு அது. 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 சன்னல்கள். முற்றங்கள் சீன மரபு. வார்ப்பிரும்பு வேலைப்பாடுகள் ஸ்காட்லாந்துச் சரக்கு.

அந்த நீலத்திலும் ஒரு கதை உண்டு. சுண்ணாம்புக் கரைசலில் அவுரிச் சாயம் கலந்து அடித்த நிறம் அது. அவுரி வந்தது இந்தியாவிலிருந்து.

சுண்ணாம்புக்குக் காரணம் இருக்கிறது. பழைய செங்கல் சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். சுவரில் உப்புப் பூக்கும், காரை உதிரும்.

சியோங் 1916இல் மறைந்தார். காலப்போக்கில் அறை அறையாக வாடகைக்குப் போய், வீடு சிதைந்தது. 1989இல் அதை வாங்கியவர்கள் மறுபடியும் சுண்ணாம்பையும் அவுரியையுமே பயன்படுத்திப் புதுப்பித்தார்கள். 2000இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

தாத்தா காலத்துக் கடைவீடு இன்னும் உங்கள் குடும்பத்தில் இருக்கிறதா? தீபாவளிக்குப் பெயிண்ட் வாங்கும் முன், சுவரில் இருப்பது சுண்ணாம்பா சிமெண்டா என்று பழைய வீடுகளில் வேலை செய்து பழகிய கொத்தனாரிடம் கேளுங்கள். சுண்ணாம்பு என்றால், சுண்ணாம்பே அடியுங்கள்.